அரக்கில் கலந்த நிறம்

மெழுகுவத்தித் தாங்கி, சுவர்க் கடிகாரம், சாவி மாட்டும் பலகை, காய்ந்த பூ உறைந்து நிற்கும் தட்டு என ரெசினில் வார்த்த வீட்டு அலங்காரப் பொருள்கள் இன்று சிற்றூர்க் கடைகளிலும் கிடைக்கின்றன. அவற்றில் ஒரு பகுதி ‘இயற்கைக்கு உகந்த ரெசின்’ என்ற அடையாளத்தோடு விற்பனைக்கு வருகிறது. வாங்குகிறவர்கள் நல்லெண்ணத்தோடுதான் வாங்குகிறார்கள். வீட்டுக்குள் நச்சு வேண்டாம், மண்ணுக்கும் கேடு வேண்டாம் என்ற எண்ணம் பரவுவது நல்லதே. ஆனால் அந்த அடையாளம் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது: பிசின் எதிலிருந்து வந்தது? செடியிலிருந்து வந்தால் நல்லது, பெட்ரோலியத்திலிருந்து வந்தால் கெட்டது என்று கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. இந்தக் கணக்கு போதாது என்று காட்டப் பல நூற்றாண்டு அனுபவம் நம்மிடம் இருக்கிறது. ரெசின் என்றால் பிசின். பிசினால் வீட்டுப் பொருளை அழகுபடுத்தும் கைத்தொழில் இந்தத் துணைக்கண்டத்தில் மிகப் பழையது. அதன் பெயர் அரக்கு வேலை. அதன் வரலாற்றைக் கூர்ந்து பார்த்தால், செய்த பொருள் நல்லதா கெட்டதா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்தது பிசின் அல்ல, பிசினில் கலந்த நிறம் என்பது தெரியவரும்.

அரக்கு மரப்பிசின் அல்ல. பூச்சி சுரக்கும் பிசின். அரிசிமணியைவிடச் சிறிய அரக்குப்பூச்சியின் குஞ்சுகள் புரசு, இலந்தை, குசும் போன்ற மரங்களின் இளங்கிளையில் ஊர்ந்து ஏறி, ஓரிடத்தில் அலகைச் செருகிச் சாற்றை உறிஞ்சத் தொடங்கும். பெண்பூச்சி அதன் பிறகு அந்த இடத்தை விட்டு நகர்வதில்லை. தன் உடலைச் சுற்றி அது சுரக்கும் பிசினும் பக்கத்துப் பூச்சிகளின் பிசினும் ஒன்றோடொன்று இணைந்து கிளைமேல் செம்பழுப்புப் பொருக்காகப் படிகிறது. கிளையோடு வெட்டி எடுத்ததைத் தமிழில் கொம்பரக்கு என்பார்கள். உருக்கித் தகடாக்கி நொறுக்கியது அவலரக்கு. சித்த மருத்துவக் கடையில் கொம்பரக்கு இன்றும் கேட்டால் கிடைக்கும். பட்டுப்புடவைக் கடையில் ‘அரக்குச் சிவப்பு’ என்றால் எந்த நிறம் என்று யாரும் விளக்கத் தேவையில்லை. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் வரும் பூக்களின் நெடிய வரிசையில் புழகுப் பூவுக்கு அரக்கே உவமை. பாண்டவர்களை எரிக்கக் கட்டிய மாளிகையையும் அரக்கு மாளிகை என்றே நாம் சொல்லி வளர்ந்திருக்கிறோம். நம் மொழியில் அரக்கு என்ற சொல் ஒரே சமயத்தில் பிசினையும் நிறத்தையும் குறிக்கிறது. இரண்டும் ஒன்றாகவே பிறப்பதால் இது இயல்பானதே. பொருக்கை நொறுக்கித் தண்ணீரில் கழுவினால் சிவப்புச் சாயம் தண்ணீரோடு போகும், பிசின் மணிமணியாகத் தங்கும். தொழிலின் பிற்காலக் கதை முழுவதும் இந்தப் பிரிவிலிருந்துதான் கிளைக்கிறது.

மரத்தைக் கடைந்து அதன்மேல் அரக்கு ஏற்றும் வேலைக்கு நல்ல பழைய சாட்சி ஒருவர் உண்டு. யான் ஹைகன் வான் லின்ஸ்கோட்டன் என்ற டச்சுக்காரர் 1583 முதல் 1588 வரை கோவாவில் பேராயரின் செயலராக இருந்தவர். தாம் கண்டதை 1596இல் நூலாக வெளியிட்டார். கட்டில் கால்களையும் நாற்காலிகளையும் இந்தியக் கடைசல்காரர்கள் எப்படி நிறமேற்றுகிறார்கள் என்று அதில் எழுதுகிறார். கடைசலில் மரம் சுழலும்போதே நிறம் கலந்த அரக்குக் கட்டியை அதன்மேல் அழுத்துகிறார்கள். உராய்வுச் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் ஏறுகிறது. பிறகு காய்ந்த புல்லாலோ கோரையாலோ தேய்த்துப் பளபளப்பாக்குகிறார்கள். ஆந்திரத்தின் ஏட்டிகொப்பாக்கா, கர்நாடகத்தின் சன்னபட்ணம் ஆகிய ஊர்களின் பட்டறைகளில் இன்று நடக்கும் வேலைக்கும் இந்த விவரிப்புக்கும் இடையே, கடைசலைச் சுழற்றுவது கயிறா மின்மோட்டாரா என்பதைத் தவிரப் பெரிய வேறுபாடு இல்லை. சன்னபட்ணத்துப் பொம்மைத் தொழிலைத் திப்பு சுல்தான் பாரசீகக் கைவினைஞர்களை வரவழைத்துத் தொடங்கிவைத்தார் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. திப்புவின் ஆதரவு அந்த ஊருக்குப் பெயர் வாங்கித் தந்திருக்கலாம். ஆனால் அவர் அரியணை ஏறியதற்கு ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முன்பே மேற்குக் கரையில் இந்த உத்தி தேர்ந்த நிலையில் இருந்தது. ஓர் அரசனின் பெயரில் தொழிலைத் தொடங்கிவைத்தால், பெயர் தெரியாத கடைசல்காரர்களின் பல தலைமுறை மறைந்துபோகிறது.

அந்தக் கை எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். அரக்கைக் கரியடுப்பின் மேல் காட்டி இளக்கி, நிறப்பொடியை வைத்து மடித்து, சவ்வுமிட்டாய் இழுப்பதுபோல் இழுத்து இழுத்து மடிப்பார்கள். நிறம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும்வரை இழுப்பு நிற்காது. பிறகு அதைக் குச்சியாகவோ கட்டியாகவோ உருட்டி ஆறவைக்கிறார்கள். உலர்ந்த வெட்பாலை மரத்துண்டு கடைசலில் உருவம் பெற்றதும் அந்தக் குச்சியை அதன்மேல் பிடிப்பார்கள். முதலில் ஏறுவது திட்டுத்திட்டான வளையங்கள்தான். மரம் சுழன்றுகொண்டே இருக்க, தாழை ஓலையை மடித்து அதன்மேல் அழுத்தினால் அந்த வளையங்கள் சூட்டில் கரைந்து ஒன்றாகி, கண்ணாடிபோல் மின்னும் ஒரே பரப்பாகின்றன. தூரிகை இல்லை, கரைப்பான் இல்லை, காயவைக்கும் நேரம் இல்லை. ஓலையை எடுத்த நொடியில் வேலை முடிந்தது. அம்பாசமுத்திரத்துக் கடைசல் சொப்புகளும் இந்த உறவு வட்டத்தைச் சேர்ந்தவைதான். குழந்தையின் கைக்குள் அடங்கும் அந்தச் சிவப்பு மஞ்சள் அடுப்பையும் அம்மியையும் நிறத்தைக் கொண்டே நாம் நினைவில் வைத்திருக்கிறோம்.

அந்த நிறம் எங்கிருந்து வந்தது? இங்கேதான் வரலாறு நாம் எதிர்பார்க்காத பக்கம் திரும்புகிறது. தொடக்கத்தில் அரக்கு வணிகத்தின் முதன்மைப் பொருள் சாயமாக இருந்தது, பிசின் அதன் எச்சம். 17ஆம் நூற்றாண்டில் இங்கே சுற்றிய பிரெஞ்சு வணிகர் தவேர்னியே, சாயத்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் அரக்கைக்கொண்டு பேழைகளுக்கு மெருகேற்றுவதையும் முத்திரை மெழுகு செய்வதையும் குறிப்பிடுகிறார். பாட்னாவில் இருந்த ஜேம்ஸ் கெர் 1781இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் அரக்குப்பூச்சியைப் பற்றி எழுதியதற்குப் பின்னாலும் வெறும் உயிரியல் ஆர்வம் மட்டும் இருந்திருக்காது. கம்பளிக்குச் சிவப்பேற்ற அமெரிக்கக் கொச்சினீல் பூச்சிக்கு மாற்றாக மலிவான ஒரு சாயம் கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தேவைப்பட்டது. அடுத்த அரை நூற்றாண்டுக்கு அரக்குச் சாயம் பெட்டி பெட்டியாகக் கப்பலேறியது. 1856இல் வில்லியம் பெர்க்கின் தாரிலிருந்து ஊதா நிறத்தை எடுத்தார். செயற்கைச் சிவப்புகளும் தொடர்ந்து வந்தன. 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அரக்குச் சாயத்துக்குச் சந்தையே இல்லாமல் போயிற்று. ஒரு காலத்தில் சொட்டு விடாமல் சேமித்த சிவப்புக் கழுவுநீரை ஆலைகள் வாய்க்காலில் திறந்துவிட்டன. பிசின் முதலாளியாயிற்று, நிறம் கழிவாயிற்று. செயற்கைச் சாயம் வந்ததும் இயற்கைப் பிசின் உடனே அழியவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்; அழிந்தது பிசினோடு கூடப் பிறந்த நிறம்.

பிசினுக்கு இதற்குப் பிறகுதான் பெரிய காலம் வந்தது. மின்கம்பிகளுக்கு மின்காப்பு வேண்டும், மரச்சாமானுக்கு வார்னிஷ் வேண்டும், தொப்பிக்கு விறைப்பு வேண்டும், எல்லாவற்றுக்கும் அவலரக்கு. 1890களின் பிற்பாதியிலிருந்து 1950கள்வரை உலகமே பாட்டுக் கேட்டது அரக்கில்தான். கற்பொடியும் புகைக்கரியும் சேர்த்து அழுத்திய 78 சுற்று இசைத்தட்டில் அவற்றைக் கட்டிப்பிடித்திருந்த பசை அரக்கு, கே.பி. சுந்தராம்பாளின் குரல் தமிழ் வீடுகளுக்குள் நுழைந்ததும் சோட்டா நாகபுரிக் காடுகளின் பிசினில்தான். இந்தத் தேவையால் அரக்கு விலை ஏறி இறங்கிச் சந்தையை ஆட்டிவைத்தது. அதற்கு மாற்றுத் தேடிக் கிளம்பிய லியோ பேக்கலண்டு 1907இல் பேக்கலைட்டைக் கண்டுபிடித்தார். முழுக்க முழுக்கச் செயற்கையான முதல் பிளாஸ்டிக் அதுவே. ஆக, பிளாஸ்டிக் யுகம் தொடங்கியதே ஓர் இயற்கைப் பிசின் போதாமல் போனதால்தான். 1924இல் ராஞ்சிக்கு அருகே நாம்கும் என்ற இடத்தில் அரக்கு ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டதும் அந்தப் போட்டியின் நெருக்கடியில்தான். 1948இல் வினைல் தட்டு வந்த பிறகு, பெரிய சந்தைகள் ஒவ்வொன்றாகக் கை நழுவின. கடைசல்காரர்களும் வளையல்காரர்களும் அரக்கை விடாமல் வைத்திருந்தார்கள்.

விட்டுவிடாமல் வைத்திருந்தார்கள் என்று சொல்லும்போதே ஒரு மயக்கத்தையும் கலைக்க வேண்டும். இயற்கைப் பிசினும் கைவேலையும் பாரம்பரியமும் சேர்ந்தால் பொருள் கெடுதலற்றதாகத்தான் இருக்கும் என்று நாம் நம்ப விரும்புகிறோம். ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்ற நூல் இந்த நம்பிக்கையைத் தளரவைக்கிறது. யாழ்ப்பாணத் தமிழ்த் தந்தைக்குப் பிறந்தவர், கைவினைஞர்மேல் அளவற்ற மரியாதை கொண்டவர், இயந்திர உற்பத்தியின் கடும் விமரிசகர். அவர் விவரிக்கும் கண்டி நாட்டு அரக்கு வேலை அற்புதமானது: மாத்தளைப் பக்கத்துக் கைவினைஞர்கள் இளகிய அரக்கை நூலாக இழுத்து, கோலின் மேலும் செப்பின் மேலும் சுற்றி, கட்டைவிரல் நகத்தாலேயே வெட்டிக் கோலம் அமைப்பார்கள். அந்த அரக்கில் சேர்ந்த சிவப்பு சாதிலிங்கம், மஞ்சள் அரிதாரம். சாதிலிங்கம் பாதரசச் சேர்மம். அரிதாரம் ஆர்சனிக் சேர்மம். இரண்டும் மண்ணில் கிடைக்கும் இயற்கைக் கனிமங்கள்தான். இரண்டும் நச்சுதான். ஒரு நூலைப் பார்த்து எல்லாப் பட்டறைகளையும் குறை சொல்ல முடியாது; ஆனால் பிசின் பழுதற்றது என்பதால் அதில் கலந்ததும் பழுதற்றதாகிவிடாது என்பதை நிறுவ இந்த ஒரு சான்றே போதும். 20ஆம் நூற்றாண்டில் கனிமங்களின் இடத்தைக் கடையில் கிடைத்த ரசாயன வண்ணப்பொடிகள் பிடித்தன. அவற்றில் ஈயம் கலந்தவையும் இருந்தன. மலிவு, கண்ணைப் பறிக்கும் நிறம், இழுத்த மாத்திரத்தில் கலக்கும் வசதி. வறுமையில் இருந்த கடைசல்காரர் அதை ஏன் எடுத்தார் என்று கேட்பதற்கே இடமில்லை. மேலே பூசிய பிசின் குழந்தை வாயில் வைத்தாலும் தீங்கில்லாதது. மிட்டாய்களுக்கும் மாத்திரைகளுக்கும் மினுக்கம் ஏற்றுவதும் அதே அவலரக்குதான். அதில் ஒளிந்திருந்த நிறம்தான் ஆபத்து.

இதனால்தான் ஏட்டிகொப்பாக்காவில் நடந்ததைப் ‘பழமைக்குத் திரும்புதல்’ என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. வராக ஆற்றங்கரையில் இருக்கும் அந்த ஊரில் சி.வி. ராஜு என்பவர் பட்டறைக் கலைஞர்களோடு சேர்ந்து தாவர வண்ணங்களில் பல ஆண்டுகள் உழைத்தார். 2023இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. மஞ்சளுக்கு மஞ்சள் கிழங்கு, நீலத்துக்கு அவுரி, செம்மஞ்சளுக்கு ஜாப்ரா விதை என்று கேட்பதற்கு எளிதாக இருக்கும். உண்மையில் கடினமான வேலை. தண்ணீரில் கரையும் தாவரச் சாயம் தண்ணீரை ஏற்காத பிசினில் எளிதில் கலக்காது. கலந்தாலும் கரியடுப்பின் சூட்டில் கருகலாம். கருகாமல் தப்பினாலும் வெயிலில் வெளுக்கலாம். ஒவ்வொரு நிறத்துக்கும் தனியாக வழி கண்டுபிடிக்க வேண்டும். பாட்டன் காலத்து முறையை அப்படியே எடுத்து வைத்திருந்தால் அரிதாரமும் கூடவே வந்திருக்கும். அவர்கள் செய்தது பழைய பிசினுக்குப் புதிய நிறத்தைத் தேடிய ஆராய்ச்சி. அந்த உழைப்புக்குப் ‘பாரம்பரியம்’ என்று மட்டும் பெயர் வைத்தால் அதைச் செய்தவர்களின் அறிவுக்கு நாம் மரியாதை செய்ததாகாது.

இந்த வாதத்துக்கு மறுப்புகள் உண்டு. முதல் மறுப்பு, அரக்கு பலவீனமான பொருள் என்பது. சூடான டம்ளரை வைத்தால் இளகும், ஈரம் பட்டால் வெண்மை பூக்கும், சாராயத்தில் கரையும். எபாக்ஸியோடு ஒப்பிட முடியுமா? ஒப்பிட முடியாதுதான். கண்ணாடிபோல் தெளிந்த எபாக்ஸிக் கட்டிக்குள் பூவை நிறுத்தும் வேலையை அரக்கு ஒருநாளும் செய்யாது. ஆனால் அலங்காரப் பொருளுக்கு எவ்வளவு உறுதி வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. அலமாரியில் இருக்கும் குங்குமச் சிமிழ் கொதிநீரைத் தாங்க வேண்டியதில்லை. அரக்கின் பலவீனம் என்று சொல்லப்படுவதே இன்னொரு பக்கத்தில் அதன் சிறப்பு: கீறல் விழுந்தால் சூடுகாட்டிச் சரிசெய்யலாம், உதிர்ந்த இடத்தில் மறுபடி ஏற்றலாம், உருக்கி மீண்டும் பயன்படுத்தலாம். எபாக்ஸி ஒருமுறை இறுகினால் இறுகியதுதான். உருக்க முடியாது, உடைந்தால் குப்பைக்குத்தான் போகும். 1930களில் தொழிற்சாலைப் பசைக்காகவும் பூச்சுக்காகவும் உருவான அந்தப் பிசினின் நோக்கமே என்றும் இளகாமல் இருப்பது. சமையலறை மேடைக்கு அது பொருந்தலாம். நான்கு வருடத்தில் அலுத்துப்போகும் சுவர் அலங்காரத்துக்கு நானூறு வருட உறுதி எதற்கு?

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. அரக்குக்காகப் பூச்சிகள் சாகின்றன, அதை எப்படிக் கெடுதலற்றது என்பது? இதை ஒதுக்கித் தள்ள முடியாது. குஞ்சுகள் வெளியேறிய பிறகு மிஞ்சும் வெற்றுப் பொருக்கை எடுத்தால் தாய்ப்பூச்சி ஆயுள் முடிந்து இறந்திருக்கும். அடுத்த தலைமுறையும் தப்பியிருக்கும். அவசரத்துக்காகவோ விலைக்காகவோ முற்றாத அரக்கை முன்னதாகவே வெட்டுவதும் நடக்கிறது. அதில் உயிர் போகிறது, அடுத்த பட்டத்துக்கு விதைப்பூச்சியும் குறைகிறது. கொல்லாமையில் உறுதியாக இருப்பவர் அரக்கை வேண்டாம் என்றால் அது மதிக்க வேண்டிய நிலை. மற்றவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, பூச்சி வாழ மரம் நிற்க வேண்டும் என்பதுதான். ஜார்க்கண்டிலும் சத்தீஸ்கரிலும் பழங்குடிக் குடும்பங்களுக்குப் புரசும் குசுமும் வருமானம் தரும்வரை அந்த மரங்களை வெட்டி விறகாக்க அவர்களுக்குக் காரணம் இல்லை. கூடவே மனிதர்களின் பாட்டையும் சொல்ல வேண்டும். பழைய அவலரக்குப் பட்டறையில் ஏறத்தாழ 30 அடி நீளத் துணிக்குழாயில் அரக்குமணிகளை அடைத்து, ஒருவர் கரியடுப்பின் முன் உட்கார்ந்து ஒரு முனையை வாட்ட, மறுமுனையை இன்னொருவர் முறுக்கிக்கொண்டே இருப்பார். வழியும் அரக்கை வெந்நீர் நிரப்பிய உருளைமேல் பரப்பி எடுத்து, வேறொருவர் நெருப்பின் எதிரே நின்று கைகளாலும் கால்விரல்களாலும் பற்களாலும் பிடித்துத் தாள்போல் மெலிதாக இழுப்பார். கைவேலை என்ற சொல்லுக்குள் அந்த வெக்கையும் இருக்கிறது. கையால் செய்தது என்பதே ஒரு நற்சான்று ஆகிவிடாது. கைக்கு என்ன கூலி என்பதும் அதே கணக்கில் வர வேண்டும்.

மூன்றாவதாக, அளவு. நாட்டின் அரக்கு விளைச்சல் ஆண்டுக்கு 20,000 டன்னை ஒட்டி நிற்கிறது. உலகம் ஆண்டுக்கு 40 கோடி டன் பிளாஸ்டிக்கைச் செய்கிறது. அரக்கு எதற்கும் மாற்றாகாது என்று இதிலிருந்து முடிவு கட்டுகிறவர்கள் கேள்வியைத் தவறான இடத்தில் வைக்கிறார்கள். 1907இல் நடந்ததும் அதுதான்: ஒரு காட்டுப் பிசின் உலகத்து மின்கம்பிகளுக்கெல்லாம் போதவில்லை என்றதும், அது போதுமானதாக இருந்த சொப்புக்கும் சிமிழுக்கும்கூடச் செயற்கைப் பிசின் வந்து சேர்ந்தது. கைவினைப் பொருள்களின் அளவுக்கு அரக்கு என்றுமே போதாமல் இருந்ததில்லை. உண்மையான தட்டுப்பாடு மரத்தில் இருக்கிறது. வெட்பாலையை வெட்டிய வேகத்தில் நடவில்லை என்றால் பிசினும் நிறமும் எவ்வளவு தூய்மையாக இருந்தாலும் கடைய ஒன்றும் இருக்காது.

இப்போது விற்பனைக்கு வரும் புதிய ரெசின்களிடம் இதே கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். தாவர எண்ணெயின் கிளிசரினிலிருந்து எபாக்ஸியின் ஒரு பாதியைச் செய்கிறார்கள். பெரும்பாலும் மறுபாதி பழைய பெட்ரோலிய வழியிலேயே வருகிறது. இறுகாத நிலையில் தோலில் பட்டால் ஒவ்வாமையை உண்டாக்கும் குணம் அதற்கும் உண்டு. கையுறையும் காற்றோட்டமும் இல்லாமல் வீட்டு அறையில் வார்க்கும் பெண்ணுக்குப் புட்டியின் மேல் உள்ள பச்சை இலைப் படம் காவல் ஆகாது. தண்ணீரில் கரைத்த அக்ரிலிக்கும் ஜிப்சமும் சேர்ந்த இன்னொரு வகை இருக்கிறது. வாடையற்றது, வார்ப்பவருக்குப் பாதுகாப்பானது, அந்த அளவில் வரவேற்க வேண்டியது, ஆனால் அக்ரிலிக் மண்ணில் மட்கப்போவதில்லை. இவை இரண்டிலும் கலக்கும் மினுக்குத் துகளும் உலோகப் பொடியும் நிறமியும் என்ன என்பதைப் பிசின் விற்பவர் சொல்வதில்லை, அது வேறொருவர் விற்கும் வேறொரு புட்டி. அரிதாரம் அரக்கில் ஒளிந்திருந்த அதே இடம் இது. புட்டியில் ‘உகந்தது’ என்று எழுதும் முன் அந்த இரண்டாவது புட்டியில் இருப்பதையும் எழுதச் சொல்ல வேண்டும்.

வாய்க்காலில் விட்ட அந்தச் சிவப்புக் கழுவுநீரை இப்போது சில ஆலைகள் மறுபடியும் பிடித்து வைக்கின்றன. இயற்கைச் சாயத் துணிக்காரர்கள் அதை வாங்குகிறார்கள். உணவுக்கு நிறமாகவும் சில நாடுகள் அதை ஏற்றிருக்கின்றன. படிகாரத்தைச் சேர்த்து வண்டலாகப் படியவைத்தால் தண்ணீரில் கரையும் அந்தச் சாயம் கரையாத பொடியாகும். ஐரோப்பிய ஓவியர்கள் தங்கள் ‘லேக்’ வண்ணங்களுக்கு வைத்த பெயரே லாக் என்ற நம் சொல்லிலிருந்து போனதுதான். அந்தப் பொடியை அரக்கில் வைத்து மடித்து இழுத்தால், ஒரே கிளையிலிருந்து பிரிந்துபோன பிசினும் சிவப்பும் கடைசல்காரரின் கையில் மறுபடி ஒன்றாகும்.